தோற்ற குழந்தையின் முகத்தைத் திரையில் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தொலைக்காட்சிகளில் சிறுவர் சிறுமியருக்காக நடத்தப்படும் பாட்டுப் போட்டிகளில் வரும் ஒரே ஒரு காட்சியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பேச விரும்புகிறேன். சுற்றின் முடிவில் மூன்று நான்கு குழந்தைகளை மேடை நடுவில் வரிசையாக நிறுத்தி, விளக்குகளை மங்கச் செய்து, தொகுப்பாளர் நெடுநேரம் மௌனம் காத்து, பிறகு வெளியேறும் குழந்தையின் பெயரைச் சொல்லும் காட்சி அது. எலிமினேஷன் என்ற சொல் இன்று எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் காட்சியைப் படம்பிடிப்பதையும் ஒளிபரப்புவதையும் தொலைக்காட்சி நிறுவனங்கள் அடியோடு கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

போட்டிகளையே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சூப்பர் சிங்கர் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய நாள்முதல் எங்கள் வீட்டில் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பார்த்து வருகிறோம். திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்ற அரசுப் பள்ளி மாணவி 2017-இல் ஜூனியர் பட்டத்தை வென்றபோதும், அடுத்த ஆண்டு பெரியவர்களுக்கான போட்டியில் புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் முதலிடம் பெற்றபோதும், என் மாணவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளே வென்றதைப் போலக் கொண்டாடியதை நேரில் கண்டேன். சபாக்களும் இசை விழாக்களும் எட்டிப் பார்க்காத பகுதி எங்களுடையது. மாவட்ட அரசு இசைப்பள்ளி கிருஷ்ணகிரியில் இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால் மலையடிவாரத்துச் சிற்றூரில் இருக்கும் குழந்தை அங்கே சென்று மூன்றாண்டுகள் குரலிசை கற்பது நடக்கக்கூடிய காரியமாக இல்லை. தந்தையின் கைப்பேசியில் கேட்டும், மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டும் பாடக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு, முழு இசைக்குழுவோடு ஒரு நல்ல அரங்கத்தில் நின்று பாடும் வாய்ப்பைத் தருவது இன்று தொலைக்காட்சி மட்டுமே. இதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன்.

போட்டியைக் கண்ணியமாக நடத்த முடியும் என்பதற்கும் எங்கள் பகுதியினர் கண்ட சான்று உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஓசூருக்கு வாழ்க்கைப்பட்ட என் அக்காளின் வீட்டில், 1996-ஆம் ஆண்டு தொடங்கி எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அவர்கள் நடத்திவந்த தெலுங்கு நிகழ்ச்சியான பாடுதா தீயகா தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் போட்டிதான், அங்கும் ஒருவர் வெல்ல மற்றவர்கள் தோற்கத்தான் செய்தார்கள். ஆனால் பிள்ளை பாடி முடித்ததும் அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்லி, எங்கே சுருதி விலகிற்று என்பதைத் தாமே அந்த வரியைப் பாடிக்காட்டி, தட்டிக்கொடுத்து அனுப்பும் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். தெலுங்கு சரியாகப் புரியாத எனக்கும் அந்தப் பாடிக்காட்டுதல் புரிந்தது.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பெண் குழந்தையைப் பற்றியது இது. அவள் பெயரையோ, ஊரையோ, ஆண்டையோ, நிகழ்ச்சியையோ நான் குறிப்பிடப் போவதில்லை. என் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று தங்களைக் கேட்டுக்கொள்வதற்கும் அதுவே காரணம்; என் பெயரைக் கொண்டு அவளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

தந்தை மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் லாரியில் ஓட்டுநர். தாய் பருவ காலத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புளி தட்டுகிறவர். தட்டிய புளியிலிருந்து கொட்டையை எடுத்தபடியே அம்மா முணுமுணுக்கும் பழைய பாட்டுகளைத்தான் அந்தக் குழந்தை முதலில் கற்றது. காலை இறைவணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை அவள் தொடங்கினால், வரிசையில் நின்று பேசிக்கொண்டிருக்கும் பையன்களும் வாயை மூடிக்கொள்வார்கள். எங்கும் இழுக்காமல், எங்கும் உதறாமல், தண்ணீர் ஓடுவதைப் போலப் பாடுவாள். அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் நடுவராக அமர்ந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கேட்டவள் நான். அவளைப் போன்ற குரலை இரண்டு முறைக்கு மேல் கேட்டதில்லை. தேர்வு முகாம் நடப்பதாக அறிவிப்பு வந்தபோது விண்ணப்பத்தை நிரப்பியதும், தயங்கிய தாயிடம் சென்று பேசியதும், சென்னைக்குத் துணையாகப் போனதும் நான்தான். ஆகவே, பின்னால் நடந்தவற்றில் எனக்கும் பொறுப்பு உண்டு.

மொரப்பூரில் இரவு ரயிலேறி விடியற்காலையில் சென்னையில் இறங்கினோம். முதல் தேர்விலும் அடுத்தடுத்த சுற்றுகளிலும் அவள் வென்றதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வாரங்கள் அவள் முகம் திரையில் வந்தது. எங்கள் கடைவீதியில் வணிகர்கள் சேர்ந்து அவள் படத்துடன் பெரிய பிளெக்ஸ் பதாகை வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சால்வை போர்த்தினார்கள். பேருந்தில் நடத்துநர் அவளிடம் சீட்டுக்குக் காசு வாங்க மறுத்தார்.

அவள் வெளியேறிய நாளில் நானும் அரங்கத்தில் இருந்தேன். காலை ஏழரை மணிக்கு வரச் சொன்னார்கள், சென்றோம். ஒப்பனை செய்து, உடை மாற்றி, குளிரூட்டிய அறை ஒன்றில் குழந்தைகளை உட்காரவைத்தார்கள். அவளுடைய முறை வந்தபோது மாலை ஆறு மணிக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை நேரமும் உடை கசங்கிவிடும் என்று படுக்கவிடவில்லை. ஒப்பனை கலைந்துவிடும் என்று பகலுணவைக்கூடச் சரியாக உண்ணவில்லை. அன்றைக்கு அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது மேல்ஸ்தாயியில் நின்று பாட வேண்டிய, வயது வந்த பெண்ணின் ஏக்கத்தைச் சொல்லும் திரைப்பாட்டு. அனுபல்லவியில் மேலே ஏறும் இடத்தில் குரல் கம்மியது. ஒரு வரி போய்விட்டது. மறுபடி பிடித்து நன்றாகவே முடித்தாள். நாள் முழுதும் குளிரில் உட்கார்ந்திருந்த பதினொரு வயதுத் தொண்டை அது என்பதை வீட்டில் இருந்து பார்க்கும் எவரும் அறிய வழியில்லை.

பிறகு அந்தக் காட்சி. மூன்று பேரை நிறுத்தினார்கள். தொகுப்பாளர் பெயரைச் சொல்லுமுன், ஒளிப்பதிவுக் கருவிகளை இடம் மாற்றுவதற்காக ஒரு முறையும், தாய்மார்களை முன்வரிசைக்கு அழைத்து உட்காரவைப்பதற்காக மறுமுறையும் நிறுத்தினார்கள். அத்தனை நேரமும் அந்த மூன்று குழந்தைகளும் கைகோத்தபடி அதே இடத்தில் நின்றார்கள். யார் வெளியேறப் போகிறார் என்பது அங்கிருந்த பணியாளர்கள் அனைவருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பதை நான் அறிவேன். ஏனென்றால் ஒரு கருவி ஏற்கெனவே அவள் தாயின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்தவர்களில் தெரியாதவர்கள் அந்த மூன்று குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும்தாம். பெயர் சொல்லப்பட்டதும் அவள் முதலில் அழவில்லை. காது கேளாதவளைப் போல அப்படியே நின்று பக்கத்திலிருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை அழத் தொடங்கிய பிறகுதான் இவள் அழுதாள். அப்போது தோளில் கருவியைத் தாங்கிய ஒருவர் இரண்டடி தூரத்தில் வந்து மண்டியிட்டு, அவள் முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கமெல்லாம் திரும்பினார். அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடும்மா, பார்க்கிறவர்களுக்கு ஏதாவது சொல் என்று மைக்கை நீட்டினார்கள்.

ஐயா, வகுப்பறையில் ஒரு குழந்தை அழுதால் மற்றப் பிள்ளைகளை வேறு பக்கம் திரும்பச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். ஆசிரியப் பயிற்சியில் யாரும் அதைக் கற்றுத்தருவதில்லை. அது தானாகத் தோன்றுவது.

இதைவிடக் கொடியது அடுத்து வந்த மூன்று வாரங்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் நாளுக்கு வெகு முன்பே படப்பிடிப்பு முடிந்துவிடுகிறது என்பது நேயர்களில் பலருக்குத் தெரியாது. ஒளிபரப்பாகும்வரை முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். தொழில் முறையில் அது தேவையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சுமையைத் தூக்குவது யார்? வெளியேறிவிட்டு ஊர் திரும்பிய அந்தக் குழந்தை, தன் படம் பொறித்த பதாகையின் கீழே நடந்து, பைனலுக்கு எப்போது போகிறாய் என்று வழியில் கேட்கிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே, தெரியாது, கூப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு மூன்று வாரம் பள்ளிக்கு வந்தாள். பொய் சொல்லாதே என்று பாடம் நடத்திய நானும் அந்தப் பொய்யில் பங்கு கொண்டேன். அந்த நாட்களில் காலை இறைவணக்கத்துக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி அவள் பின்வரிசையில் நின்றுகொண்டாள்.

ஒளிபரப்பான வாரத்தில், திங்கட்கிழமை முதலே முன்னோட்டம் வரத் தொடங்கியது. முகத்தை மூடிய அந்தச் சின்னக் கைகள், தாய் எழுந்து ஓடிவருவது, ஒரு சோகமான புல்லாங்குழல் இசை, இந்த வாரம் வெளியேறப் போவது யார் என்ற கேள்வி. நாளொன்றுக்கு எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவில்லை. மற்ற நிகழ்ச்சிகளின் விளம்பர இடைவெளிகளிலும் வந்தது. ஞாயிறு இரவு முழுக் காட்சியும் வந்தது. மண்டியிட்ட மனிதர் எடுத்த படம் அதில் வேகம் குறைக்கப்பட்டு, கண்ணீர்த்துளி கன்னத்தில் இறங்குவது தெரியும்படி பெரிதாக்கப்பட்டிருந்தது. அவள் பாடிய பாட்டின் அளவுக்கு அவள் அழுத காட்சியும் நீண்டது.

அதன் பிறகு அந்தத் துண்டுக் காட்சி கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கியது. பத்து நாள் கழித்து அரூர் செல்லும் நகரப் பேருந்தில் நானும் அவளும் வந்துகொண்டிருந்தோம். முன் இருக்கையில் இருந்த இளைஞர் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென அந்தப் புல்லாங்குழல் ஒலித்தது; அதைத் தொடர்ந்து அவளுடைய அழுகுரல். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பின்னால் அமர்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. இரண்டு நொடி பார்த்துவிட்டு அடுத்ததுக்குத் தள்ளினார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர், இறங்கிக்கலாமா என்றாள். நடுவழியில் இறங்கி, அடுத்த பேருந்து வரும்வரை புளியமரத்தடியில் நின்றோம். அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கைக்கு அந்தக் காட்சி வந்து சேரும்படி அதைத் தயாரித்தவர்களிடம்தான் என் வழக்கு.

கடைவீதிப் பதாகையை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கிழியும்வரை அது அங்கேயே தொங்கியது. அதுவரை அவள் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்.

தோல்வியைத் தாங்கப் பழகுவது பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று படித்தவர்கள் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்லதுதான். எங்கள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஆண்டுதோறும் முப்பது பிள்ளைகள் ஓடி இருபத்தேழு பேர் தோற்கிறார்கள். கலைத் திருவிழாவில் பள்ளி அளவில் வென்றவர்களில் பெரும்பாலோர் வட்டார அளவில் நின்றுவிடுகிறார்கள். வட்டார அளவில் வென்றவர்கள் மாவட்ட அளவில் நின்றுவிடுகிறார்கள். அங்கே நாங்கள் செய்வது என்ன? வென்றவர்களின் பெயரைப் படிக்கிறோம், அவர்கள் மேடைக்கு வருகிறார்கள், மற்றவர்கள் கூட்டத்தில் இருந்து கைதட்டிவிட்டு வீடு போகிறார்கள். தோற்ற பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு மேடையேற்றி, நீ தோற்றுவிட்டாய், இப்போது உன் மனநிலை என்ன என்று கேட்கும் பள்ளி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அப்படி ஒரு தலைமையாசிரியர் கேட்டால் மறுநாள் பெற்றோர் பள்ளியை முற்றுகையிடுவார்கள். தங்கள் நாளிதழிலும் அது செய்தியாகும். பள்ளியில் நடந்தால் குற்றமாகத் தெரிவது, அரங்கத்தில் நடந்தால் பொழுதுபோக்காகத் தெரிவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் மண்ணின் மேடை இதைவிட மேலானதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் தந்தையார் இந்தப் பகுதிக் கூத்து ஜமா ஒன்றில், அதாவது தெருக்கூத்துக் குழுவில், ஆர்மோனியம் வாசித்தவர். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் நானும் இரவெல்லாம் அவர் அருகில் உட்கார்ந்திருக்கிறேன். அபிமன்யு வேடத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு வயதுப் பையனைக் கட்டியிருந்தார்கள். நள்ளிரவு கடந்த நேரம். போர்க்களத்துக்கு விடைபெறும் விருத்தத்தின் நடுவே பையனுக்கு அடி மறந்துபோயிற்று. அவன் வாய் திறந்தபடி நின்றது அரைநொடி கூட இராது. என் தந்தையார் சுருதியை விடாமல் அழுத்திப் பிடித்தார், பின்பாட்டுக்காரர்கள் முந்தைய அடியையே மீண்டும் எடுத்துப் பாடினார்கள், கட்டியங்காரன் உள்ளே புகுந்து, என்ன ராஜா, தாயாரிடம் சொல்லிக்கொண்டீர்களா என்று ஒரு கேள்வியைப் போட்டான். அதற்குள் கூத்தைக் கற்றுத்தந்த வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த அடியின் முதற்சொல்லை எடுத்துக்கொடுத்துவிட்டார். பையன் பிடித்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த ஊருக்கு அங்கே ஒரு தடுமாற்றம் நடந்ததே தெரியாது. விடிந்த பிறகு வேடத்தைக் கலைக்கும்போது வாத்தியார் அவனைக் கடிந்துகொண்டார். அதுவும் ஜமாவுக்குள்ளே, முகம் கழுவும் தண்ணீர்த் தொட்டியருகே. தவறு செய்த பிள்ளையைச் சுற்றி நின்று மறைப்பது அந்த எளிய மனிதர்களுக்குத் தொழில் தர்மமாக இருந்தது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பெற்றோர் சம்மதித்துக் கையொப்பம் இட்டுத்தானே அனுப்புகிறார்கள் என்பது இன்னொரு வாதம். அந்தக் கையொப்பம் போடப்பட்ட தாள்களை நான் பார்த்தேன். ஆங்கிலத்தில் பல பக்கங்கள். லாரி ஓட்டுநரான தந்தை என்னைப் பார்த்தார், தமிழாசிரியையான நான் புரிந்தவரை படித்துவிட்டுத் தலையசைத்தேன், அவர் கையொப்பமிட்டார். பாடுவதற்கு அந்தக் குழந்தை மனமார இசைந்தாள், அதில் ஐயமில்லை. அழுவதைப் படம்பிடிக்கலாமா என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை.

சட்டத்தின் நிலையையும் இங்கே நினைவூட்ட வேண்டும். குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிறையாத குழந்தைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று ஆக்கப்பட்டது. தொலைக்காட்சி, திரைப்படம் போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பதற்கு விதிவிலக்கு அளித்து, அதற்குரிய நிபந்தனைகளை 2017-ஆம் ஆண்டின் திருத்த விதிகளில் வைத்தார்கள். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்னதாக அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் குழந்தையை ஈடுபடுத்தக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் கூடாது. படிப்பு தடைப்படக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதமாவது பொறுப்பாளர் இருக்க வேண்டும். குழந்தைக்குக் கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை நாட்டுடைமை வங்கியில் அதன் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக அதைப் பங்கேற்கச் செய்யக் கூடாது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் தொலைக்காட்சியில் குழந்தைகள் பங்கேற்பது குறித்து 2011-இலேயே வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளைப் பெரியவர்களைப் போல ஆபாசமாக ஆடவைப்பதைத் தவிர்க்குமாறு மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை 2019 ஜூன் மாதத்தில் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது.

காலை ஏழரைக்கு வந்த குழந்தை மாலை ஆறு மணிக்குப் பாடினாளே, காத்திருந்த நேரம் அந்த ஐந்து மணியில் சேருமா சேராதா? சேராது என்று நிறுவனத்தார் சொல்லக்கூடும். குளிர்ந்த அறையில் ஒப்பனையோடு அசையாமல் உட்கார்ந்திருப்பது வேலை இல்லையென்றால் வேறு என்னவென்று சொல்வது? இந்த விதிகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. நானே ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்து அறிந்தேன். விதிகளின் ஒரு பிரதி தமிழில் அச்சிடப்பட்டு, ஒப்பந்தத்தோடு பெற்றோர் கையில் தரப்பட வேண்டும் என்பதை ஆட்சியர்கள் அனுமதிக்கும்போதே நிபந்தனையாக்கலாம். அப்படியே, போட்டியிலிருந்து ஒரு குழந்தை விலக்கப்படுவதை அதன் முகத்துக்கு நேரே ஒளிப்பதிவுக் கருவியை வைத்து அறிவிக்கக் கூடாது என்பதையும் அதே அனுமதியில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். நடனத்துக்காக ஓர் அறிவுரை அனுப்ப முடிந்த அமைச்சகத்துக்கு, கண்ணீருக்காக ஓர் அறிவுரை அனுப்புவது கடினமாக இருக்காது.

அந்தக் காட்சி இல்லாவிட்டால் விறுவிறுப்பு குறைந்துவிடும், பார்ப்பவர் எண்ணிக்கை சரியும் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. பெருஞ்செலவில் நடக்கும் தொழில். நூற்றுக்கணக்கானவர்கள் அதில் பிழைக்கிறார்கள். ஆனால் மாற்றுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. முடிவை, படப்பிடிப்பு முடிந்த பிறகு, பெற்றோர் உடனிருக்க, நடுவர்களில் ஒருவர் தனியறையில் குழந்தையிடம் சொல்லட்டும். எந்த இடத்தில் தவறியது, எதை எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பேசட்டும். தோற்ற பிள்ளைக்கு வென்ற பிள்ளையைவிட அது அதிகம் பயன்படும். திரையில், அடுத்த சுற்றுக்குச் செல்கிறவர்களை மட்டும் காட்டினால் போதும். விடைபெறும் குழந்தை தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றை முழுமையாகப் பாடுவதை முன்கூட்டியே பதிவுசெய்து, நிகழ்ச்சியின் கடைசியில் ஒளிபரப்பலாம். எங்கள் ஊர்க் குழந்தைக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால், அம்மா புளி தட்டும்போது பாடும் பாட்டைத்தான் பாடியிருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இளைஞர்களின் கைப்பேசிகளில் அந்தப் பாட்டு சுற்றியிருக்கும். ஏற்கெனவே தங்கள் சமூக வலைதளப் பக்கங்களில் ஏற்றிவைத்திருக்கும் வெளியேற்றக் காட்சிகளையும் நிறுவனங்கள் நீக்க வேண்டும். அவற்றில் அழும் குழந்தைகள் பலர் இன்று கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்; காட்சி மட்டும் வயது ஏறாமல் அங்கேயே நிற்கிறது.

அந்தக் குழந்தை இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். பாடுவதை நிறுத்திவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். சென்ற தை மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே பாடியது திண்ணைவரை கேட்டது. குரல் முதிர்ந்து, முன்னைவிட ஆழமாகியிருந்தது. நான் வந்திருப்பதை அவள் தாய் சொன்னதும் பாட்டு நின்றுவிட்டது. பாடும்மா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அவள் வெளியேறிய காட்சி ஒளிபரப்பான மறுநாள், தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்திலும் அந்தச் செய்தி வந்தது. கண்ணீருடன் வெளியேறினார் என்பது தலைப்பு. முகத்தை மூடிய கைகளை விலக்கிய நொடியில் எடுத்த படம் அதன் கீழே. இன்றும் அவள் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்தப் படம்தான். அவள் பெயரை இக்கடிதத்தில் எழுதவில்லை. தங்கள் அலுவலகத்திலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தால் சொல்கிறேன். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அவள் பாடிக்கொண்டிருக்கும் படம் ஒன்றை அங்கே வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாடும் படம் என்னிடம் இருக்கிறது. பள்ளி இறைவணக்கத்தில் எடுத்தது. அனுப்பித் தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், தருமபுரி மாவட்டம்.